கம்ப்யூட்டரில் ஓடும் படம் டிவிடி பிளேயரில் ஏன் ஓடுவதில்லை?

ஒரே பென் டிரைவில் இரண்டு ஏவிஐ ஃபைல்கள். ஒன்று டிவிடி பிளேயரில் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. இன்னொன்றைப் போட்டால் திரை கறுப்பாகிச் சத்தம் மட்டும் வருகிறது. இல்லாவிட்டால் 'அன்சப்போர்ட்டட் ஃபைல்' என்று எழுத்து வந்து நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரு குறையுமில்லாமல் ஓடுகின்றன. இந்த நிலையில் பிளேயரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கண்ணில் பட்ட கன்வெர்ட்டரையெல்லாம் இறக்கி, ஃபைலை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் படத்தின் தெளிவையே கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால், எங்கே இடிக்கிறது என்பது தெரிந்துவிடும். பல சமயம் படத்தைத் தொடாமலே சரிசெய்துவிடலாம்.

ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள்

ஏவிஐ, எம்பி4, எம்கேவி இவையெல்லாம் கன்டெய்னர்கள், அதாவது உறைகள். டிஃபன் கேரியரை வெளியிலிருந்து பார்த்து உள்ளே சாம்பார் சாதமா, தயிர் சாதமா என்று சொல்ல முடியாது, இதுவும் அப்படித்தான். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைதான் கோடெக். ஓர் ஏவிஐ ஃபைலுக்குள் டிவ்எக்ஸ் இருக்கலாம், எக்ஸ்விட் இருக்கலாம், எச்.264 கூட இருக்கலாம். எம்பி4 ஃபைலுக்குள் எச்.264, எச்.265 அல்லது பழைய எம்பெக்-4 இருக்கலாம். அதனால் ஃபைலின் பெயரை '.எம்பி4' என்பதிலிருந்து '.ஏவிஐ' என்று மாற்றி எழுதுவதால் உள்ளே இருப்பது மாறாது. பிளேயரின் பட்டியலில் அந்தப் பெயர் தெரிய ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாம் ஓடுவது எப்படி? அங்கே படத்தை விரிக்கும் வேலையை மென்பொருள் செய்கிறது. விஎல்சி போன்ற பிளேயர் கிட்டத்தட்ட எல்லா கோடெக்கையும் தன்னோடு சேர்த்தே கொண்டுவருகிறது. வீட்டு டிவிடி பிளேயரில் அந்த வேலை ஒரு சிப்பின் தலையில் விழுகிறது. விலை குறைந்த எத்தனையோ பிளேயர்களுக்குள் இருப்பது மீடியாடெக்கின் எம்டி1389 வரிசை சிப். விசிடிக்கான எம்பெக்-1, டிவிடிக்கான எம்பெக்-2, டிவ்எக்ஸுக்கும் எக்ஸ்விட்டுக்கும் அடிப்படையான எம்பெக்-4 ஏஎஸ்பி (அட்வான்ஸ்டு சிம்பிள் புரொஃபைல்) ஆகிய மூன்றும் அதற்குத் தெரியும். எச்.264 தெரியாது. எந்த ஃபர்ம்வேர் அப்டேட்டாலும் (பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பதாலும்) அதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது, பலர் ஏமாறுவது இதில்தான். எம்பெக்-4 தரத்துக்குப் பல பகுதிகள் உண்டு. டிவ்எக்ஸ், எக்ஸ்விட் இரண்டும் 2ஆம் பகுதியைச் சேர்ந்தவை. 2003இல் வந்த எச்.264 அதே தரத்தின் 10ஆம் பகுதி. பிளேயரின் அட்டைப்பெட்டியில் 'எம்பெக்-4' என்று போட்டிருப்பது 2ஆம் பகுதியைத்தான். செல்போன் எடுத்துத் தரும் எம்பி4 ஃபைலில் இருப்பது பெரும்பாலும் 10ஆம் பகுதி, அல்லது அதற்கும் பிந்தைய எச்.265. பெட்டியில் எழுதியிருப்பதும் ஃபைல் பெயரும் ஒன்றுபோல் தெரிந்தாலும் பொருள் வேறு. முகப்பில் சாதாரண டிவ்எக்ஸ் முத்திரை இருந்தால் எக்ஸ்விட் வரை ஓடும் என்று கொள்ளலாம். 'டிவ்எக்ஸ் பிளஸ் எச்டி' முத்திரை இருந்தால் மட்டும், எம்கேவிக்குள் இருக்கும் எச்.264உம் ஓடும்.

உள்ளே பார்ப்பது எப்படி

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். வீடியோ ஃபைலை அதன் ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு, 'வியூ' மெனுவில் 'ட்ரீ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொது விவரம், வீடியோ, ஆடியோ என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும்.

எந்த டிவ்எக்ஸ் பிளேயரிலும் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய ஒரு ஃபைலின் விவரம் இப்படி இருக்கும். பொது: ஏவிஐ. வீடியோ: எம்பெக்-4 விஷுவல், அட்வான்ஸ்டு சிம்பிள் புரொஃபைல், கியூபெல் 'நோ', ஜிஎம்சி 'நோ வார்ப்பாயின்ட்ஸ்' (இவை என்ன என்பது பின்னால் வருகிறது), 640 × 272, நொடிக்கு 25 ஃபிரேம், பிட்ரேட் (ஒரு நொடிக்கான தகவல் அளவு) 950 கிலோபிட். ஆடியோ: எம்பெக் ஆடியோ லேயர் 3, கான்ஸ்டன்ட், 128 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ், 2 சேனல்.

தகராறு செய்யும் ஃபைலை அதே இடத்தில் இழுத்துப் போட்டு, எந்த வரி வேறுபடுகிறது என்று ஒப்பிடுங்கள். வீடியோ வரியில் 'ஏவிசி' என்றிருந்தால் அது எச்.264. 'எச்இவிசி' என்றிருந்தால் எச்.265. அகலம் 1280 அல்லது 1920 என்றால் டிவிடி பிளேயரின் எல்லையைத் தாண்டிவிட்டது. அதன் அதிகபட்ச அகலம் 720. உயரம், இந்திய டிவி முறையான பிஏஎல்லில் 576, அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் 480. ஆடியோ வரியில் 'ஏஏசி' அல்லது 'டிடிஎஸ்' என்றிருந்தால் படம் ஓடினாலும் சத்தம் வராமல் போக வாய்ப்பு அதிகம். 'மக்சிங் மோட்: பேக்டு பிட்ஸ்ட்ரீம்' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அது கீழே வருகிறது.

பட்டியலிலேயே ஃபைல் தெரியவில்லை

இது கோடெக் பிரச்சினையாக இருப்பதைவிட பென் டிரைவ் பிரச்சினையாக இருப்பதே அதிகம். பிரித்தறிய எளிய சோதனை ஒன்று: அதே பென் டிரைவில் ஒரு எம்பி3 பாட்டையும் ஒரு ஜேபெக் போட்டோவையும் போட்டுச் செருகிப் பாருங்கள். அவையும் தெரியவில்லை என்றால் பிளேயரால் டிரைவையே படிக்க முடியவில்லை. அவை தெரிந்து வீடியோ மட்டும் தெரியவில்லை என்றால், அந்தக் கன்டெய்னர் பிளேயருக்கு அறிமுகமில்லாதது. எம்கேவி ஃபைல் பழைய பிளேயர்களில் மறைந்துபோவது இதனால்தான்.

பெரும்பாலான டிவிடி பிளேயர்கள் ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் ஃபார்மேட் செய்த டிரைவை மட்டுமே படிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள டிரைவுகள் கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன. என்டிஎஃப்எஸ்ஸும் ஆகாது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 வாய்ப்பையே காட்டுவதில்லை. அதனால் டிவிடி பிளேயருக்கென்று 8 அல்லது 16 ஜிபி டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. ஃபார்மேட் செய்தால் அதில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். ஃபேட்32இல் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது, டிரைவில் இடம் இருந்தும் கம்ப்யூட்டர் மறுத்தால் காரணம் இதுதான்.

எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகச் செருகுவதில் இன்னொரு சிக்கல். யூஎஸ்பி 2.0 துளை தரவேண்டிய மின்சாரம் 500 மில்லிஆம்பியர்தான். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நொடியில் அதைவிட அதிகம் கேட்கும். 'டிக் டிக்' என்று சத்தம் வந்து நின்றுபோனால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் என்றால் பிரச்சினை வராது. ஆனால் அதன் பார்ட்டிஷன் முறை, அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்திருக்கும் முறை, எம்பிஆராக இருக்கவேண்டும். ஜிபிடி என்றால் பழைய பிளேயருக்குப் புரியாது.

ஃபைல் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் பிளேயரில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும், சில மாடல்களில் திறக்கவே திறக்காது. சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் போதும்.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை

இங்கேதான் தேவையில்லாத வேலை அதிகம் நடக்கிறது. சத்தம் வராததற்காக முழுப் படத்தையும் மறுபடி கன்வெர்ட் செய்வதில் இரண்டு நட்டம்: நேரம் போகிறது, படத்தின் தரமும் ஒரு படி இறங்குகிறது. மாற்றவேண்டியது ஒலியை மட்டும்தான்.

அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று தேர்வுகள் இருக்கும். 'வீடியோ அவுட்புட்' என்பதில் 'காப்பி' இருக்கட்டும், அதைத் தொடவேண்டாம். 'ஆடியோ அவுட்புட்' என்பதில் 'எம்பி3 லேம்' தேர்ந்தெடுத்து, கான்ஃபிகரில் நிலையான பிட்ரேட்டாக 128 அல்லது 192 கிலோபிட் வையுங்கள். மூலத்தில் 6 சேனல் இருந்தால், அதன் கீழுள்ள ஃபில்டர் ஜன்னலில் மிக்சரை 'ஸ்டீரியோ' என்று மாற்றுங்கள். மூன்றாவதாக 'அவுட்புட் ஃபார்மேட்' என்பதில் 'ஏவிஐ மக்சர்'. பிறகு புதிய பெயரில் சேமியுங்கள். படத்தை அப்படியே நகலெடுத்து ஒலியை மட்டும் மாற்றுவதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதைச் செய்வதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஃபைலில் இரண்டு ஒலித்தடங்கள் இருந்தால் ரிமோட்டில் உள்ள 'ஆடியோ' பட்டனை அழுத்தினாலே மற்றது வந்துவிடும். ஒலி ஏசி3ஆக (டால்பி டிஜிட்டல்) இருந்தும் டிவியில் சத்தம் வரவில்லை என்றால், பிளேயர் செட்டப்பில் டிஜிட்டல் அவுட்புட் 'ரா' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருக்கிறதா பாருங்கள். அந்த நிலையில் பிளேயர் ஒலியை விரிக்காமல் அப்படியே எச்டிஎம்ஐ வழியே அனுப்பிவிடும், டிவிக்கு அது புரியாமல் போகலாம். 'பிசிஎம்' என்று மாற்றினால் பிளேயரே விரித்து அனுப்பும்.

இதற்கு நேர்மாறாக, சத்தம் வந்து படம் வரவில்லை என்றால் வீடியோ கோடெக் சிப்புக்குத் தெரியாதது. மறு என்கோடிங், அதாவது படத்தை வேறு கோடெக்கில் மறுபடி சுருக்குவது, தவிர வழியில்லை. அதன் முறை பின்னால் வருகிறது.

விட்டு விட்டு ஓடுவது: நான்கு வகை

திக்கல் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். எப்போது திக்குகிறது என்று கவனித்தால் காரணம் தானாகப் பிரியும்.

படம் முழுவதும், அமைதியான காட்சியிலும்கூட, ஒரே தாளத்தில் சின்னச் சின்னதாகக் குலுங்கினால் பேக்டு பிட்ஸ்ட்ரீமைச் சந்தேகியுங்கள். எம்பெக்-4இல் பி-ஃபிரேம் என்று ஒரு வகை ஃபிரேம் உண்டு. முந்தைய ஃபிரேமையும் அடுத்து வரப்போகும் ஃபிரேமையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதை விரிக்க முடியும். ஏவிஐ 1992இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கன்டெய்னர். இப்படிப்பட்ட ஃபிரேம்களை மனதில் வைத்து அது செய்யப்படவில்லை. அதற்குள் பி-ஃபிரேமை நுழைக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள்: இரண்டு ஃபிரேம்களை ஒன்றாகக் கட்டி ஒரே இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த இடத்தில் வெறும் ஃபிரேம் ஒன்றைப் போட்டுவிடுவது. கம்ப்யூட்டர் இதைப் புரிந்துகொள்கிறது. பல பிளேயர் சிப்புகள் தடுமாறுகின்றன. அதுதான் அந்தக் குலுங்கல். எம்பெக்4 மாடிஃபையர் என்ற சிறிய இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, கட்டைப் பிரிக்கும் 'அன்பேக்' தேர்வை டிக் செய்து, வேறு பெயரில் சேமித்தால் போதும். ஃபிரேம்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவே. தரம் துளியும் குறையாது.

சண்டைக் காட்சி, மழை, கூட்டம் என்று திரையில் நிறைய அசையும்போது மட்டும் திக்கினால் பிட்ரேட் காரணம். சராசரி 1500 கிலோபிட் என்று மீடியாஇன்ஃபோ காட்டினாலும், அந்தக் காட்சிகளில் பல மடங்கு ஏறியிருக்கும். அங்கே சிப்புக்கு மூச்சு வாங்கும்.

பென் டிரைவில் திக்குகிற அதே ஃபைல் டிஸ்க்கில் எழுதிப் போட்டால் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் பிளேயரின் யூஎஸ்பி துளை பழைய 1.1 வகை. காகிதத்தில் அதன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே கிடைக்கும். டிவிடி டிஸ்க்கின் 1எக்ஸ் வேகமே நொடிக்கு 11 மெகாபிட். 1000, 1500 கிலோபிட் எக்ஸ்விட் படத்துக்கு 1.1 துளையே தாராளம். ஆனால் டிவிடியிலிருந்து எடுத்த விஓபி ஃபைலை அப்படியே பென் டிரைவில் போட்டால் நொடிக்கு 7, 8 மெகாபிட் தேவைப்படும் இடங்களில் தடுக்கும்.

டிஸ்க்கில் மட்டும், அதுவும் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். கீறலோ விரல் ரேகையோ இருக்கலாம். மென்மையான உலர்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. படத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறினால், அந்தப் பகுதி இருப்பது டிஸ்க்கின் வெளி ஓரத்தில். வேகமாக எழுதும்போது பிழை அதிகம் விழுவது அங்கேதான். 16எக்ஸுக்குப் பதில் 4எக்ஸ் அல்லது 8எக்ஸில் வேறு டிஸ்க்கில் எழுதிப் பாருங்கள்.

திக்கல் இல்லாமல், அசையும் உருவங்கள் மட்டும் கரைந்து ஒழுகுவதுபோலவோ, கேமரா நகரும்போது படம் துள்ளுவதுபோலவோ தெரிந்தால் கியூபெல் அல்லது ஜிஎம்சி பயன்பட்டிருக்கும். படத்தைச் சிறிதாக்க என்கோடர் செய்யும் நுட்பங்கள் இவை. இவற்றை ஃபைலிலிருந்து பிரித்தெடுக்க முடியாது, மறு என்கோடிங்தான்.

உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்

ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு தள்ளி நிற்கிறதா, போகப் போக இடைவெளி கூடுகிறதா? இதைப் பார்த்துவிட்டுத்தான் கைவைக்கவேண்டும்.

ஒரே அளவு என்றால் எளிது. அவிடெமக்ஸில் ஆடியோ பகுதியில் 'ஷிஃப்ட்' என்பதை டிக் செய்து, மில்லிசெகண்டில் எண்ணைக் கொடுத்துச் சேமிக்கலாம். அரை நொடி என்றால் 500. வசனம் உதட்டுக்கு முந்தி வந்தால் கூட்டலில், பிந்தினால் மைனஸில் கொடுத்துப் பாருங்கள். படமும் ஒலியும் 'காப்பி'யிலேயே இருக்கலாம்.

போகப் போகக் கூடினால் மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, ஏவிஐக்குள் மாறும் பிட்ரேட் எம்பி3 வைத்திருப்பது. இதைப் பிளேயர் தவறாகக் கணக்கிடும். ஒலியை நிலையான பிட்ரேட்டுக்கு மாற்றினால் சரியாகும். இரண்டு, நொடிக்கு 23.976 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேமாக ஓடவிட்டு, ஒலியை அதற்கேற்ப மாற்றாமல் விடுவது. வித்தியாசம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்; நிமிடத்துக்கு இரண்டரை நொடி விலகும். பத்தாவது நிமிடத்தில் 25 நொடி தள்ளிப் பேசினால் இதுவேதான். மூன்றாவது செல்போன் வீடியோ. போன் கேமரா வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே எடுக்கும். மீடியாஇன்ஃபோவில் 'ஃபிரேம் ரேட் மோட்: வேரியபிள்' என்று தெரியும். ஏவிஐக்கு நிலையான வேகம் மட்டுமே தெரியும். ஆகவே கன்வெர்ட் செய்யும்போது, ஃபிரேம் வேகத்தை மாற்றும் ஃபில்டரைச் சேர்த்து 25 என்று நிலைப்படுத்தவேண்டும்.

போன் வீடியோவில் இன்னொன்று: நட்டுக்குத்தலாகப் பிடித்து எடுத்தது டிவியில் படுத்துக் கிடக்கும். போன் படத்தைத் திருப்பிப் பதிவதில்லை. 'காட்டும்போது 90 டிகிரி திருப்பு' என்று ஒரு குறிப்பை மட்டும் ஃபைலில் எழுதிவைக்கிறது. டிவிடி பிளேயர் அந்தக் குறிப்பைப் படிக்காது. கன்வெர்ட் செய்யும்போது 'ரொட்டேட்' ஃபில்டரால் உண்மையாகவே திருப்பிவிடுங்கள். கல்யாணத்தில் ஆளுக்கொரு போனில் எடுத்ததைச் சேர்த்து டிஸ்க் போடுகிறவர்கள் இதை ஒவ்வொரு துண்டுக்கும் பார்க்கவேண்டும்.

முகம் நீண்டும் குட்டையாகியும் தெரிவது

முதலில் பிளேயரின் செட்டப். தட்டையான அகலத்திரை டிவி என்றால் 'டிவி டிஸ்ப்ளே' 16:9 என்று இருக்கவேண்டும். '4:3 பிஎஸ்' என்பது அகலப் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டும். '4:3 எல்பி' மேலும் கீழும் கறுப்புப் பட்டை போடும். இரண்டும் பழைய பெட்டி டிவிக்கானவை. அதன் பிறகு டிவியின் சொந்த 'ஜூம்' அமைப்பு. இந்த இரண்டையும் சரிபார்த்த பிறகும் ஒரு குறிப்பிட்ட ஃபைல் மட்டும் இழுபட்டுத் தெரிந்தால் ஃபைலின் அளவு காரணம்.

டிவிடியில் 720 × 576 என்பது 4:3 படத்துக்கும் 16:9 படத்துக்கும் பொதுவான அளவு. எந்த வடிவில் விரிக்கவேண்டும் என்பது தனிக் குறிப்பாக இருக்கும். ஏவிஐயில் அந்தக் குறிப்பைப் பல பிளேயர்கள் மதிப்பதில்லை. எனவே ஏவிஐ செய்யும்போது அளவிலேயே வடிவத்தைக் கொண்டுவந்துவிடவேண்டும். அகலமும் உயரமும் 16ஆல் வகுபடும் எண்ணாக இருந்தால் சிப்புக்கு வசதி. சினிமாஸ்கோப் படத்துக்கு 640 × 272, சாதாரண 16:9 வீடியோவுக்கு 720 × 400, பழைய 4:3 வீடியோவுக்கு 640 × 480 என்று வைத்தால் வடிவம் கெடாது.

வண்ணம் போய்க் கறுப்பு வெள்ளையாகவோ, படம் மேலும் கீழும் உருண்டுகொண்டோ இருந்தால் டிவி சிஸ்டம் காரணம். இந்தியாவிலும் இலங்கையிலும் பிஏஎல். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்டிஎஸ்சி. செட்டப்பில் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' என்று வைத்துப் பாருங்கள். மஞ்சள் பின் வயரைப் பச்சைத் துளையில் மாற்றிச் செருகினாலும் கறுப்பு வெள்ளைதான் வரும், வயரையும் ஒருமுறை பாருங்கள். 'பி-ஸ்கேன்' பட்டனைத் தவறுதலாக அழுத்தியதால் படமே காணாமல் போயிருந்தால், அதே பட்டனை மறுபடி அழுத்துங்கள். அல்லது எச்டிஎம்ஐ வயரில் இணைத்து, செட்டப்புக்குள் போய் வீடியோ அவுட்புட்டை 'சிவிபிஎஸ்' (மஞ்சள் வயர் வழி) என்று திருப்பிவிடுங்கள்.

சப்டைட்டில்

சப்டைட்டில் வரிகள் உள்ள எஸ்ஆர்டி ஃபைலின் பெயர் படத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். அதே ஃபோல்டரில் இருக்கவேண்டும். ஆங்கில சப்டைட்டிலில் இடையிடையே விசித்திரக் குறிகள் வந்தால், நோட்பேடில் திறந்து 'ஆன்சி' என்கோடிங்கில் மறுபடி சேமியுங்கள்.

தமிழ் சப்டைட்டில் விஷயம் வேறு. டிவிடி பிளேயரின் நினைவகத்தில் தமிழ் எழுத்துருவே இருக்காது. என்கோடிங்கை எப்படி மாற்றினாலும் கட்டங்கள்தான் வரும். படத்தின் மேலேயே எழுத்தைப் பதித்துவிடுவதுதான் வழி. எஸ்ஆர்டியை யூடிஎஃப்-8இல் சேமித்து, அவிடெமக்ஸின் வீடியோ ஃபில்டர்களில் சப்டைட்டில் ஃபில்டரைச் சேருங்கள். முழுப் படத்தையும் ஓட்டுவதற்கு முன் ஒரு நிமிடத் துண்டை மட்டும் எடுத்து 'கொ', 'கோ', 'கௌ' வரும் சொற்களைப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் சரியாக நிற்கிறதா, அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாகப் பிய்ந்து நிற்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மறு என்கோடிங் செய்யவேண்டி வந்தால்

ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. 2009இல் வந்த 0.9.4 பதிப்போடு அது ஏவிஐயையும் எக்ஸ்விட்டையும் கைவிட்டுவிட்டது. அவிடெமக்ஸே போதும்.

'வீடியோ அவுட்புட்' என்பதில் 'எம்பெக்4 ஏஎஸ்பி எக்ஸ்விட்4'. கான்ஃபிகரில் 'டூ பாஸ், ஆவரேஜ் பிட்ரேட்' எடுத்து 1200 கிலோபிட் வையுங்கள். கியூபெல், ஜிஎம்சி, பேக்டு பிட்ஸ்ட்ரீம் மூன்றும் அணைந்திருக்கவேண்டும். பி-ஃபிரேம் 1 இருக்கலாம். மிகப் பழைய பிளேயர் என்றால் 0. ஃபில்டரில் 'ரீசைஸ்' சேர்த்து மேலே சொன்ன அளவுகளில் ஒன்றைக் கொடுங்கள். ஒலிக்கு எம்பி3, 128 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. கன்டெய்னர் 'ஏவிஐ மக்சர்'. 'ஏ', 'பி' பட்டன்களால் சண்டைக் காட்சி உள்ள இரண்டு நிமிடத்தைக் குறித்து, அதை மட்டும் சேமித்துப் பிளேயரில் போட்டுப் பாருங்கள். ஓடினால் முழுப் படத்துக்குப் போகலாம்.

700 மெகாபைட் சிடியில் அடக்கவேண்டுமென்றால் கணக்கு இது: 2 மணி நேரப் படத்துக்கு மொத்தம் 815 கிலோபிட் கிடைக்கும். ஒலிக்கு 128 போனால் படத்துக்கு 690 அளவில் மிஞ்சும். அதற்கு 720 அகலம் அதிகம். 640 அல்லது அதற்கும் கீழே வைத்தால்தான் கட்டம் விழாது.

டிவ்எக்ஸ் முத்திரையே இல்லாத பிளேயர் என்றால் ஏவிஐ டிஸ்க் உதவாது. எம்பி4 ஃபைலை வெறும் டிவிடியில் நகலெடுத்து எழுதுவதால் அது டிவிடி படம் ஆகிவிடாது. டிவிடிஸ்டைலர் போன்ற ஆதரிங் (டிவிடி வடிவில் டிஸ்க் தயாரிக்கும்) மென்பொருளால் எம்பெக்-2ஆக மாற்றி, 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டர் அமைப்போடு எழுதவேண்டும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை 4.7 ஜிபி டிஸ்க்கில் அடக்கினால் நொடிக்கு மொத்தம் 4180 கிலோபிட் அளவு கிடைக்கும். ஒலியும் இதர செலவும் போகப் படத்துக்கு 3700 வைக்கலாம். டிவிடி வீடியோவின் உச்ச வரம்பு 9800 என்றாலும், வீட்டில் எழுதும் டிஸ்க்குக்கு 8000ஐத் தாண்டவேண்டாம். எழுதி முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்யாத, அதாவது பதிவை முடித்து மூடாத, டிஸ்க் கம்ப்யூட்டரில் ஓடும், பிளேயரில் 'நோ டிஸ்க்' என்றே காட்டும். டிவிடி மைனஸ் ஆர் எடுக்காவிட்டால் பிளஸ் ஆர் முயன்று பாருங்கள். பழைய லென்ஸுகள் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவது வழக்கம்.

கடையில் வாங்கிய டிஸ்க் 'ராங் ரீஜன்' என்று காட்டினால் அதற்கும் கோடெக்குக்கும் தொடர்பில்லை. டிஸ்க்குக்கும் பிளேயருக்கும் விற்கும் நாட்டைப் பொறுத்து ஒரு மண்டல எண் உண்டு. பிரிட்டனில் விற்பது மண்டலம் 2, சிங்கப்பூர், மலேசியாவில் 3, இந்தியாவிலும் இலங்கையிலும் 5. லண்டனிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் சென்னையில் வாங்கிய பிளேயரில் ஓடாமல் போவதற்கு இந்த எண்தான் காரணம். உறையின் பின்புறம் உலக உருண்டைப் படத்துக்குள் அந்த எண் அச்சிட்டிருக்கும்.

புளூரே பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது. அதற்கு எச்.264 தெரியும், எம்கேவியும் பெரும்பாலும் ஓடும். அங்கே மாட்டிக்கொள்வது 10 பிட் வீடியோ, அதாவது வண்ணத்தைக் கூடுதல் நுணுக்கத்தோடு பதிந்த வீடியோ. மீடியாஇன்ஃபோவில் 'பிட் டெப்த்: 10' என்று இருந்தால் சாதாரண புளூரே பிளேயரில் படம் பச்சையாகச் சிதறும், அல்லது வராது; 8 பிட்டுக்கு மறு என்கோடிங் செய்யவேண்டும். இன்னொன்று, படம் 20 நிமிடம் போல ஓடிய பிறகு திடீரென்று சத்தம் நின்று, 'சினேவியா' என்று திரையில் ஒரு செய்தி வருவது. 2012 பிப்ரவரிக்குப் பிறகு வந்த புளூரே பிளேயர்களில் கட்டாயமாக்கப்பட்ட நகல் தடுப்பு அது. படத்தின் ஒலிக்குள்ளேயே அடையாளம் பதிந்திருப்பதால் கோடெக்கை மாற்றினாலும் போகாது. அந்தப் படத்துக்கு அசல் டிஸ்க்தான் வேண்டும்.